மனச்சோர்வு மருந்தை மாற்ற மருந்தாய்வில் சேரலாமா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் மருந்தாய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு ஒன்றில், ஒரு மருத்துவமனையில், நான்கு ஆண்டுகள் பொதுநபர் உறுப்பினராக இருந்தேன். மருந்தாய்வு நடத்த வருகிறவர்கள் நோயாளிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் படிவத்தைப் படித்து, சாதாரண மனிதருக்கு இது புரியுமா என்று சொல்வது என் வேலை. "இரட்டைக் குருட்டு முறையில் நீங்கள் சமவாய்ப்பாக்கப்படுவீர்கள்" என்ற வரியை முதன்முதலில் படித்தபோது கண்ணில் ஏதோ செய்யப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

குழுவிலிருந்து விலகிய பிறகு ஒருநாள் என் பெரியம்மா மகள் மருத்துவமனை வராந்தாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என் மாத்திரையை மாற்றப்போகிறார்களாம். புது மருந்தாம், எல்லாம் இலவசமாம். கையெழுத்துப் போடட்டுமா?"

அக்காவின் ஒரே மூச்சில் இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போதைய மருந்தை மாற்ற வேண்டுமா என்பது ஒன்று. மாற்றுவதானால் அதை ஓர் ஆய்வு வழியாகச் செய்ய வேண்டுமா என்பது மற்றொன்று. ஆய்வு என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் கேள்வியை முடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஆய்வுக்காக மருந்தை மாற்றியவர்களாகிவிடுவீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஆய்வு, மாற்றம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள்; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் படி: இப்போதைய மருந்து உண்மையில் தோற்றதா?

ஒரு மனச்சோர்வு மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு: போதுமான டோஸ், போதுமான காலம், தவறாமல் சாப்பிட்டது. எஸ்சிட்டலோபிராம் பொதுவாக 10 முதல் 20 மில்லிகிராம் வரை தரப்படுகிறது. செர்ட்ரலின் 50 முதல் 200 வரை. சரியான டோஸில் நான்கு முதல் ஆறு வாரமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். சிலருக்கு எட்டு வாரம்கூடத் தேவைப்படும். 5 மில்லிகிராமில் மூன்று வாரம் இருந்துவிட்டு மருந்து சரியில்லை என்பது, பாதி வெந்த சோற்றைத் தின்றுவிட்டு அரிசியைத் திட்டுவது போல.

அக்காவிடம் இதைக் கேட்டேன். "பத்து மாதமாகச் சாப்பிடுகிறேன்" என்றார். சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வரச் சொல்லி எண்ணிப் பார்த்தோம். மனம் மிகவும் பாரமாக இருந்த நாட்களில் மட்டும் போட்டிருக்கிறார். நன்றாக இருந்த நாட்களில் எதற்கு வீணாக என்று விட்டிருக்கிறார். தலைவலி மாத்திரையும் இதுவும் ஒரே கணக்கு அவருக்கு. மருத்துவர் கேட்டபோது "சாப்பிடுகிறேன்" என்றாராம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த மருந்துக்குத் தேர்வே வைக்கப்படவில்லை. எப்படித் தோற்றது என்று சொல்வது?

எனவே ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதுங்கள்: இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், அதிகபட்ச டோஸ், தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், நிறுத்தியதற்கான காரணம். பலிக்கவில்லை என்பதும் பக்கவிளைவு தாங்கவில்லை என்பதும் வேறு வேறு காரணங்கள், பிரித்து எழுதுங்கள். தூக்கம், பசி, எடை, தாம்பத்திய உறவில் ஏற்பட்ட மாற்றம் எல்லாம் இதில் வரவேண்டும். கடைசியாகச் சொன்னதை நம்மில் பெரும்பாலோர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மருந்தை ரகசியமாக நிறுத்துகிறவர்களில் பலருக்கு அதுதான் காரணம்.

நம் ஊர்ச் சீட்டுகளில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எஸ்சிட்டலோபிராமும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனாசெபமும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வருவது இங்கே சாதாரணம். பலர் அதை "நரம்பு மாத்திரை" என்று ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள், உள்ளே இரண்டு மருந்து இருப்பது தெரியாமலேயே. பல மருந்தாய்வுகள் குளோனாசெபம் வகையை அனுமதிப்பதில்லை அல்லது அளவாகவே அனுமதிக்கும். நீண்டகாலம் சாப்பிட்ட குளோனாசெபத்தைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் வரும், வலிப்புகூட வரலாம். ஆகவே அட்டையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்து, அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

பிறகு மருத்துவரிடம் கேட்க வேண்டியது: வேறு காரணம் இருக்கிறதா? தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தினசரி மது, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு ஆகிய எதுவும் மனச்சோர்வு மருந்தைப் பலிக்காததுபோல் காட்டக்கூடும். வாழ்வில் எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், வேகமாகப் பேசி, காசை அள்ளி இறைத்த நாட்கள் இருந்தனவா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இருந்திருந்தால் இது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

அக்காவின் கதையில் முதல் படியே கடைசிப் படியாகிவிட்டது. தினமும் சாப்பிடத் தொடங்கினார், டோஸும் கூட்டப்பட்டது. அந்த ஆய்வில் அவர் சேரவில்லை. ஆனால் எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை.

இரண்டாம் படி: ஆய்வு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

உங்கள் வழக்கமான மனநல மருத்துவரிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்: "இந்த ஆய்வே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அடுத்து என்ன எழுதுவீர்கள்?" டோஸைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், இருக்கிற மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்கலாம், மருந்தோடு முறையான உளவியல் சிகிச்சை தரலாம். நிலைமை கடுமையானால் மின்னதிர்வு சிகிச்சையும் உண்டு. சினிமா அதற்கு எவ்வளவு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருந்தாலும் கடுமையான மனச்சோர்வில் நன்றாகப் பலிக்கிற வைத்தியம் அது.

மாற்றினால் எவ்வளவு பலிக்கும்? அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். முதல் மருந்தில் குணமாகாதவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவது கட்டத்தில் புப்ரோபியான், செர்ட்ரலின், வென்லஃபாக்சின் என்ற மூன்றில் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். எதற்கு மாறினாலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குணமடைந்தார். மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்றாவது, நான்காவது கட்டங்களில் குணமடைவோர் விகிதம் 13 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. நான்கு கட்டத்தையும் முடித்தால் 67 சதவீதம் பேர் குணமடைவார்கள் என்று 2006-இல் வெளியான கட்டுரை கணக்கிட்டது. யாரும் இடையில் விலகாமலிருந்தால் என்ற அனுமானம் அதில் இருந்தது. அதே தரவுகளை ஆய்வின் மூலத் திட்டப்படி மறுபடி கணக்கிட்டு 2023-இல் வெளியிட்டவர்களுக்குக் கிடைத்தது 35 சதவீதம்தான். மருத்துவர் 67 என்று சொன்னால் இந்த 35-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதா, சேர்ப்பதா என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,522 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், புப்ரோபியானுக்கு மாறியவர்களில் 22.3 சதவீதம் பேரும், பழைய மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 28.9 சதவீதம் பேரும் குணமடைந்தார்கள். 2023-இல் முதியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் சேர்த்தவர்களின் கை சற்று ஓங்கியே இருந்தது. ஆனால் அரிப்பிப்ரசோல் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பையும் எடைகூடுதலையும் தரும். மாற்றம் ஒன்றே வழி என்று எவராவது சொன்னால் ஏன் என்று கேட்க இந்த எண்கள் உதவும்.

மருத்துவர் சொன்ன பதிலை நோட்டில் எழுதுங்கள். ஆய்வு தருவதை இனி இந்த வரியோடுதான் ஒப்பிட வேண்டும். நீங்கள் இப்போது இருக்கிற நிலையோடு ஒப்பிட்டால் எந்த ஆய்வும் கவர்ச்சியாகத்தான் தெரியும்.

மூன்றாம் படி: இது எந்த வகை ஆய்வு?

நெறிமுறைக் குழுவில் நான் கற்ற மிக முக்கியமான பாடம் ஒன்று. சிகிச்சையில் மருத்துவர் உங்களைப் பார்த்து மருந்தை மாற்றுவார். ஆய்வில், எழுதிவைத்த திட்டத்தைப் பார்த்து உங்களை நடத்துவார். ஒரு கேள்விக்கு விடை காண்பது ஆய்வின் நோக்கம். உங்கள் நலம் அதில் பாதுகாக்கப்பட வேண்டும், ஆனால் உங்களுக்கேற்பத் தைத்த சட்டை அது இல்லை. இதை மறந்துவிட்டு, எனக்கு எது நல்லதோ அதைத்தான் தருவார்கள் என்று நம்புவதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் சகாக்களும் 1982-இல் ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் அதைச் சிகிச்சை மயக்கம் என்று நான் சொல்வேன். மனநல ஆய்வுகளில் சேர்ந்தவர்களிடம்தான் அவர்கள் அதைக் கண்டார்கள்.

வகைகளைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புது மருந்தோ வெற்று மாத்திரையோ தரும் ஆய்வு. வெற்று மாத்திரை என்றால் தோற்றத்தில் மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இராது. எது யாருக்கு என்பதைக் குலுக்கல் போல ஒரு கணினி முடிவு செய்யும்; சமவாய்ப்பாக்குவது என்றால் இதுதான். மருத்துவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதைத்தான் "இரட்டைக் குருட்டு" என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டு, பழைய மருந்தைத் தொடர்ந்துகொண்டே அதன் மேல் புது மருந்தையோ வெற்று மாத்திரையையோ சேர்ப்பது. மூன்று, ஏற்கெனவே கடையில் கிடைக்கும் இரண்டு மருந்துகளை ஒப்பிடுவது. மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் செய்யும் ஆய்வுகளில் பல இப்படிப்பட்டவை.

நான்காவது வகையைப் படிவத்தில் எளிதாகத் தவறவிடுவோம். முதலில் எல்லோருக்கும் மருந்து தருவார்கள். குணமானவர்களை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர்வார்கள். மீதிப் பேருக்குத் தெரியாமலே வெற்று மாத்திரைக்கு மாற்றுவார்கள். யாருக்கு நோய் திரும்புகிறது என்று பார்ப்பது நோக்கம். அறிவியலுக்கு இது தேவையான ஆய்வுதான். ஆனால் பல ஆண்டு தவிப்புக்குப் பிறகு குணமானவர், அந்தக் குணம் பறிபோகும் வாய்ப்புக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நெடுநாள் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரிடம் இதுபோல் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது.

வெற்று மாத்திரை என்றதும் அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிவது வழக்கம். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஆய்வுக்கு வருகிறோம், அது தானாகவும் சற்று இறங்கும். வாரந்தோறும் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்பதும் வேலை செய்கிறது. நம் புறநோயாளிப் பிரிவில் மூன்று நிமிடம் கிடைப்பவருக்கு அந்த அரைமணி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. அதேசமயம், 2018-இல் வெளியான பெருந்தொகுப்பு 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடச் சற்றேனும் மேலானவை என்றது. கடுமையான சோர்வில் இருப்பவர் அந்த வித்தியாசத்தை எட்டு வாரம் இழப்பது சிறு விஷயமில்லை.

நான்காம் படி: இடைவெளிக் காலம்

படிவத்தில் "மருந்து நீக்கக் காலம்" என்றோ "கழுவல் காலம்" என்றோ ஒன்று இருக்கும். பழைய மருந்து உடலைவிட்டுப் போவதற்காக மருந்தே இல்லாமல் இருக்கும் நாட்கள் அவை. பெரும்பாலான மருந்துகளுக்கு ஒன்றிரண்டு வாரம். ஃப்ளூவாக்சிடின் உடலில் நெடுநாள் தங்குவதால் அதற்கு ஐந்து வாரம் வரை கேட்பார்கள்.

திடீரென்று நிறுத்தும்போது தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் சிறு மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வு வரலாம். பராக்சிடினும் வென்லஃபாக்சினும் இதில் பெயர்போனவை. நிறுத்திய சில நாட்களிலேயே இது தொடங்கினால், முன்பு இல்லாத உடல் உபாதைகளாக இருந்தால், பெரும்பாலும் மருந்து விடுபடும் தொல்லையே. நோய் திரும்புவது பொதுவாக மெல்ல மெல்ல, பழைய முகத்தோடு வரும்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. விடுபடும் தொல்லை உச்சத்தில் இருக்கும் நாளில், கேள்விகள் கேட்டு நோயின் கடுமைக்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணை எடுத்தால் நோய் கடுமையாகத் தெரியும். பிறகு தொல்லை தானாக அடங்கும். அது புது மருந்தின் வெற்றியாகக் கணக்கில் ஏறும். எனவே கேளுங்கள்: எத்தனை நாளில் குறைப்பீர்கள், படிப்படியாகவா, அந்த நாட்களில் யாரை அழைப்பது, தாங்க முடியாவிட்டால் பழைய மருந்துக்கு உடனே திரும்பலாமா? பதில் வாய்மொழியாக மட்டும் இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பதிவேட்டில் தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வு மருத்துவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை, பிறகு தருகிறோம் என்றால் அன்று கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் கல்லூரிப் பிள்ளை யாராவது உதவட்டும். நான்கு இடங்களை மட்டும் பார்த்தால் போதும்: எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், யாரைச் சேர்ப்பதில்லை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்பட்டால் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதியும் இருக்கிறதா, பணம் போடுவது யார். மருந்து நிறுவனம் பணம் போடுவதாலேயே ஆய்வு கெட்டதாகிவிடாது. ஆனாலும் பழைய கதை ஒன்றை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்தாய்வுகளை எடுத்து 2008-இல் ஒப்பிட்டார்கள். இதழ்களில் வந்தவற்றைப் படித்தால் 94 சதவீதம் வெற்றி. அந்த அமைப்பின் சொந்தக் கணக்கில் வெற்றி 51 சதவீதம்தான். தோற்ற ஆய்வுகளில் பல அச்சேறவே இல்லை.

சேர்க்கப்படாதவர்கள் பட்டியலில் நீங்கள் இருந்தால், எப்படியாவது நுழைய முயலாதீர்கள். மது, வேறு நோய், தற்கொலை எண்ணம் என்று பலரை வடிகட்டுவதால் ஆய்வில் சேர்வோர் சாதாரண நோயாளிகளைப் போல இருப்பதில்லை. ஸ்டார்-டி நோயாளிகளில் வழக்கமான மருந்து நிறுவன ஆய்வின் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம் பேர்தான். மதிப்பெண் போதாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நோயைக் கூட்டிச் சொல்வதும், சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று சித்த மருந்தையும் வலிமாத்திரையையும் மறைப்பதும் நடக்கிறது. டிரமடால் என்ற வலிமாத்திரை சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம்.

ஆறாம் படி: படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள்

அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்ற வாக்கியத்தை நம் ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; பயன்படுத்துங்கள். ஆனால் முடிவு உங்களுடையது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆய்வில் சேர்பவரின் சுதந்திரமான ஒப்புதலைக் கேட்கிறது. கணவரோ அப்பாவோ "போடு" என்று பேனாவை நீட்டுவது ஒப்புதல் ஆகாது.

2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் விதிகளின்படி உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவம் புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. நான் இருந்த காலத்தில் திருப்பியனுப்பிய படிவங்களில் பாதி, தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். "இந்தப் பத்தியை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று ஆய்வு மருத்துவரைக் கேளுங்கள். பிறகு நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

படிவத்தின் கடைசியில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் கேட்டிருப்பார்கள். அக்கா அதிர்ந்தது இங்கேதான். "நாமினி எதற்கு? சாகத்தான் கூப்பிடுகிறார்களா?" அது விதி கேட்கும் பகுதி, ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக. அந்தப் பகுதி இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. புது மருந்து ஆய்வினால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும். மரணத்துக்கான இழப்பீட்டை 8 லட்சம் ரூபாயை அடிப்படைத் தொகையாகக் கொண்டு வயதையும் நோயின் தீவிரத்தையும் பார்த்துக் கணக்கிடுவார்கள். வெற்று மாத்திரை ஆய்வில், கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைத் தராததால் வந்த கேடும் இழப்பீட்டுக்கு உரியதே. கல்லூரி அளவிலான ஆய்வுகளுக்கு ஏற்பாடு வேறாக இருக்கலாம், "எனக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது?" என்று கேட்டு, பதில் தாளில் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மருத்துவரே ஆய்வையும் நடத்துகிறவர் என்றால் மறுப்பது கடினம். பல ஆண்டு பழக்கம், மரியாதை, கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். வேறொரு மனநல மருத்துவரிடம் ஒருமுறை படிவத்தைக் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவானாலும் சரி. சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று படிவத்திலேயே இருக்கும். அதை விரலால் தொட்டுப் படித்துக்காட்டினாலும் தவறில்லை.

ஏழாம் படி: வீட்டுக் கணக்கு

இது சின்னப் படி, ஆனால் பாதியில் விலகுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தடுக்கி விழுந்தவர்கள். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை வரச் சொன்னால் வேலைக்கு விடுப்பு கிடைக்குமா? பஸ் செலவைத் தருகிறார்களா, உடன் வருபவருக்கும் தருவார்களா? புது மருந்தில் மயக்கம் இருந்தால் சில நாள் இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கொண்டு விடுவது? கருத்தரிக்கக் கூடிய வயதில் இருப்பவர்களிடம் கருத்தடையைக் கட்டாயமாகக் கேட்பார்கள். குழந்தைக்கு முயல்கிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், வீட்டில் உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கிற ஒருவர் வேண்டும். மருந்து மாறும் முதல் வாரங்களில் பதற்றமும் விபரீத எண்ணமும் கூடக்கூடும், குறிப்பாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. நமக்கே தெரியாத மாற்றம் அடுத்தவருக்குத் தெரியும். என்ன கண்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எட்டாம் படி: முடிவு

இனி என் சொந்தத் தீர்ப்பு. இப்போதைய மருந்தில் ஓரளவுக்கேனும் நன்றாக இருப்பவர், அதை நிறுத்தச் சொல்லும் ஆய்வில் சேரக் கூடாது. அண்மையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், தனியாக வசிப்பவர், வெற்று மாத்திரை ஆய்வுகளைத் தவிர்க்க வேண்டும். செலவு மட்டுமே காரணம் என்றால் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் இலவசம் என்பதை முதலில் பாருங்கள். இலவச மாத்திரைக்காக ஆய்வில் சேர்வது விருந்துக்காகக் கல்யாணம் செய்துகொள்வது போல.

மறுபக்கம், இரண்டு மருந்துகளைச் சரியான டோஸில் சரியான காலம் சாப்பிட்டும் பலன் காணாதவருக்கு நல்ல ஆய்வு ஒன்று உண்மையான வாய்ப்பு. பழைய மருந்தைத் தொடர்ந்துகொண்டே சேர்த்துத் தரும் ஆய்வாக இருந்தால் நான் தயங்க மாட்டேன். இரண்டு பழகிய மருந்துகளை ஒப்பிடுவதானால், மருத்துவர் எழுதவிருந்த மருந்து அவற்றில் ஒன்றாக இருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். இருந்தால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று சேர்வதும் மதிக்கத்தக்க காரணம். அதை வெளிப்படையாக உங்களுக்கே சொல்லிக்கொண்டு சேருங்கள்.

ஒன்பதாம் படி: சேர்ந்த பிறகு, விலகும்போது

எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகுவது என்றால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பது இல்லை. போய்ச் சொல்லி, முறையாகக் குறைத்து, பழைய மருத்துவரிடம் திரும்பும் ஏற்பாட்டோடு வெளியே வருவது. ஆய்வு அடையாள அட்டையை எப்போதும் பையில் வைத்திருங்கள். விபத்தென்றோ அறுவை சிகிச்சையென்றோ வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று அவசரமாகத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. அதற்கான தொலைபேசி எண் அந்த அட்டையில்தான் இருக்கும். கடுமையான கேடு எதுவானாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதற்கு முதலில் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகு என்ன? நன்றாகப் பலித்த புது மருந்து கடையில் கிடைக்காமல் போகலாம். ஆய்வுக்குப் பிந்தைய இலவச மருந்து எல்லோருக்கும் உரிமை இல்லை. அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாதபோது, ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் கிடைக்கும். மனச்சோர்வுக்கு வேறு மருந்துகள் இருப்பதால் அதை நம்பி இருக்காதீர்கள். கடைசி மாத்திரைக்கு மறுநாள் எந்த மருந்து, யார் எழுதுவார் என்பதைச் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்றும் அப்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்: எனக்குத் தந்தது எது என்று எப்போது சொல்வீர்கள்? உங்கள் பங்கு முடிந்தாலும் ஆய்வு முழுவதும் முடிந்து கணக்கு மூடும்வரை அதைத் திறக்க மாட்டார்கள். மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அந்தக் கடிதம் வராவிட்டால் உங்கள் நோட்டில் ஒரு வரி காலியாகவே இருக்கும், அடுத்த மருத்துவர் "இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. முகவரி மாறினால் ஆய்வு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கடிதம் வந்ததும் அதன் நகலை நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.